மூன்று முறை ஊறிய இலை

பச்சைத் தேயிலையின் மேல் கொதிக்கும் நீரை ஊற்றுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர், ஐயா. அவர்கள் அவசரக்காரர்கள், அவ்வளவே. தாங்கள் அன்போடு வரவழைத்துக் கொடுத்த இந்தக் கோப்பையும் அத்தகைய அவசரத்தில் உருவானதுதான். இலையைத் தூளாக்கி, நூல் கட்டிய பைக்குள் அடைத்து, கொதிநீரில் முக்கி எடுத்திருக்கிறார்கள். ஆயினும் முழுவதையும் குடித்துவிட்டேன். கொடுத்ததை மீதி வைப்பது மரியாதை அன்று.

தாங்கள் கேட்டது என் மனைவியின் மரணத்தைப் பற்றி. நான் தேநீரைப் பற்றிப் பேசுவது பேச்சை மாற்றுவதற்காக என்று தாங்கள் எண்ணக்கூடும். அப்படியன்று. ஒன்றை விளக்கப் புகுந்தால் தொடக்கத்திலிருந்து விளக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத் தந்தவளே அவள்தான். பள்ளியில் புவியியல் நடத்தியவள். தெருவே அவளை டீச்சர் என்றது. நானும் அப்படியே அழைத்தேன். திருமணமான புதிதில் எனக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். சமையலறை மேசையில் என்னை உட்கார வைத்து, பள்ளிப் பாடநூல்களை ஒவ்வொரு வகுப்பாகப் படிக்க வைத்தாள். இன்று நான் சொல்ல வந்ததைத் தடுமாறாமல் சொல்கிறேன் என்றால் அது அவளுடைய உழைப்பு. ஆதலால் இதையும் ஒழுங்காகவே சொல்லி முடிப்பேன். தங்களுக்கு எழுதிக்கொள்ள எளிதாக இருக்கும்.

என் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. ஓய்வு பெற்றுவிட்டேன், எனினும் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட்டை மட்டும் நானே கவனித்து வருகிறேன். பழைய கட்டடம். எங்கள் வீடு மேல்மாடியில். அதற்கும் மேலே மோட்டார் அறை. அதன் சாவி என்னிடம்.

சென்ற ஆண்டு டீச்சரின் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிற்று. அதை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். வீடு அமைதியாக இருந்தால் அது திறந்து மூடும் சத்தம் கேட்கும். அவள் வாயைச் சற்றுத் திறந்திருந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். டிக், டிக் என்று, மோட்டார் அறையில் ரிலே சுவிட்ச் விழுவதைப் போல. வேறொருவருக்கு அது தொந்தரவாக இருந்திருக்கலாம். எனக்கு இதமாக இருந்தது. எந்த அறையில் இருக்கிறாள் என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதே இல்லை.

உலோக வால்வின் மேல் இரத்தம் உறைந்துவிடக் கூடாது. அதற்கென ஒரு மாத்திரை உண்டு. அதன் வேகம் குறைந்தால் இரத்தம் உறையும். மிகுந்தால் உள்ளே கசியும். எனவே அவ்வப்போது இரத்தம் எடுத்து, அது எவ்வளவு இளகியிருக்கிறது என்று அளந்து, மாத்திரையின் அளவைக் கூட்டியோ குறைத்தோ தருவார்கள். முதல் சோதனையின்போதே இரத்தம் எடுக்கும் நர்ஸ் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னாள்.

"அம்மா, கீரை, முட்டைக்கோசு, பச்சை இலை எதுவா இருந்தாலும் அது இந்த மாத்திரையோட சண்டை போடும். அதனால திடீர்னு கூட்டவும் கூடாது, திடீர்னு குறைக்கவும் கூடாது. ரெண்டுமே ஆபத்து. புரிஞ்சுதா?"

"சண்டை போடறதுக்குத்தான் வீட்ல ஒருத்தர் இருக்காரே, இலை வேற எதுக்கு?" என்று டீச்சர் என்னைக் காட்டினாள்.

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். நர்ஸ் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று பின்னால் யாரும் எனக்காக வாதாட வேண்டாம். நன்றாகப் புரிந்தது.

அறுவைக்குப் பின் காப்பி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்தால் படபடப்பு வந்தது. எங்கள் ஒரே மகள் கடல் கடந்த நகரமொன்றில் வேலை பார்க்கிறாள். அம்மாவைப் பார்க்க வந்திருந்தவள், திரும்பிப் போகும்போது ஒரு தகர டப்பாவையும், பக்கவாட்டில் கைப்பிடி வைத்த சிறு மண்கெண்டியையும் எங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். டப்பாவில் ஜப்பானியப் பச்சைத் தேயிலை. ஊசி ஊசியாகச் சுருண்டு, கரும்பச்சையாக, அறுத்த புல்லின் மணத்தில் கடற்காற்றைக் கலந்தாற்போல இருந்தது.

முதல் நாள் டீச்சரே போட்டாள். தளதளவென்று கொதித்த நீரை அப்படியே ஊற்றினாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது டீயா, தண்டனையா?"

டப்பாவோடு படம் போட்ட தாள் ஒன்று இருந்தது. வாழ்நாள் முழுவதும் மின்கம்பிப் படங்களைப் பார்த்தே வேலை செய்தவனுக்கு அது கடினமாக இல்லை. கொதித்த நீரை முதலில் வெறுங்கோப்பையில் ஊற்ற வேண்டும்; அதிலிருந்து இன்னொரு கோப்பைக்கு. ஆவி நேராக எழும்பினால் நீர் இன்னும் கோபமாக இருக்கிறது என்று பொருள். ஆவி சாய்ந்து, சோம்பலாக எழும்பும்போது அதைக் கெண்டியிலுள்ள இலைமேல் மெல்ல இறக்க வேண்டும். பின்பு கெண்டியைக் குலுக்காமல், கிண்டாமல், சும்மா இருக்க வேண்டும். இதுவே கடினமான பகுதி. இலை தானாக விரியும். அதன் பின் இரு கோப்பைகளிலும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்; அப்போதுதான் இருவருக்கும் ஒரே திடம் கிடைக்கும். கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும். உள்ளே நீர் தங்கினால் அடுத்த முறை இலை கசந்துபோகும். அதே இலையில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று ஊற்றலாம். முதல் முறை இனிப்பு, இரண்டாம் முறை திடம், மூன்றாம் முறை வெறும் நினைவு.

எத்தனையோ கெண்டிகளை வீணாக்கிய பிறகு ஒரு பிற்பகலில் டீச்சர் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சொன்னாள்:

"நல்லா இருக்குங்க."

தங்களுக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றும். இல்வாழ்க்கை முழுவதும் அவள் என்னைத் திருத்தியே வந்தவள். என் எழுத்தை, என் உச்சரிப்பை, நான் சட்டைப் பொத்தான் போடும் விதத்தை. அன்று முதன்முறையாக அவள் திருத்துவதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் நின்றேன்.

இவ்விடத்தில் லிஃப்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுவது முறை. உடல் தேறியதும் டீச்சர் கீழே போக ஆசைப்பட்டாள். நூலகம், பழைய பள்ளி, தெருமுனைப் பூங்கா. நான் மோட்டார் அறைக்குப் போய் ஒரு பீங்கான் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கீழ்க்கதவில் 'பழுது' என்ற பலகையை மாட்டினேன். அவளுக்கு ஓய்வு தேவை. சோதனைக்குப் போகும் நாட்களில் மட்டும் திரும்பப் பொருத்துவேன். மற்ற நாட்களில் எல்லோரும் படியேறினார்கள். தரைத்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"என்ன லிஃப்ட்காரரே, டாக்டர் வீட்லதான் மருந்து இருக்காதுன்னு சொல்லுவாங்க. உங்க வீட்டு லிஃப்ட்டும் அப்படித்தானா?"

"சாமான் வரணும்."

"அது லிஃப்ட் ஏறித்தான் வரணுமோ என்னவோ."

இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். அதில் பகை ஏதும் இல்லை.

ஒரு நாள் வரவேற்பறைச் சுவரில் வெளிறிய ஒரு செவ்வகத்தைக் கண்டேன். டீச்சர் பணியில் சேர்ந்த காலத்திலிருந்து அங்கே தொங்கிய உலகப்படம் இல்லை. அது சுருட்டப்பட்டு, நாடா கட்டப்பட்டு, அவளுடைய திறந்த பெட்டியின் மேல் கிடந்தது.

"படத்தை ஏன் கழட்டின?"

"பாப்பா வரச் சொல்லிட்டே இருக்காள்ல. கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு வரேன்."

"படம் எதுக்கு?"

"அவ வீட்ல சுவரெல்லாம் காலியா இருக்குங்க."

"எத்தனை நாளைக்கு?"

"பாக்கலாம்."

பெட்டிக்குள் பார்த்தேன். கம்பளி உடைகள் இருந்தன, அவை விளங்கின. அவள் பாடம் நடத்திய புத்தகங்களும், அவளுடைய தாயின் புகைப்படமும், அவள் மட்டும் பயன்படுத்தும் தலையணையும் இருந்தன. கொஞ்ச நாளைக்குப் போகிறவர்கள் தாயின் புகைப்படத்தை எடுத்துப் போவதில்லை. "இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுதுங்க" என்று அவள் அடிக்கடி சொல்வதுண்டு. வால்வு மாற்றிய பிறகும் சொன்னாள். அதை நான் தவறாமல் டாக்டரிடம் தெரிவித்தேன். அவர் நன்றாகச் சோதித்துவிட்டு, இதயத்தில் குறை ஏதும் இல்லை என்றார்.

நான் அவளை இழக்கப்போகிறேன் என்பது உறுதியாயிற்று. அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் பல் துலக்கும்போது, அவள் இல்லாத வீட்டில் குழாய்ச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று எண்ணுவேன். இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றி ஊற்றிப் பழகிய கை, ஒரு கோப்பையில் எப்படி ஊற்றும் என்று எண்ணுவேன். அவள் தூங்கும்போது பக்கத்தில் நின்று அந்த டிக், டிக் சத்தத்தைக் கேட்பேன். வெளியே நான் அமைதியாகவே இருந்தேன். தாங்கள் இப்போது பார்ப்பது போலவே.

தற்செயலாக நிகழ்ந்த ஒன்று வழியைக் காட்டியது. டப்பாவோடு வந்த தாளின் கடைசிப் படம், மூன்று முறை ஊறிய இலையை வீணாக்காமல் உப்பும் ஒரு சொட்டு எண்ணெயும் சேர்த்து உண்ணலாம் என்று காட்டியது. செய்து பார்த்தோம். இளங்கீரையைப் போல மென்மையாக இருந்தது. டீச்சர் விரும்பி உண்டாள். தேயிலை என்று பெயர் இருந்ததால் அதுவும் ஓர் இலை என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன்: அந்தத் தவறு உண்மையான தவறு.

அடுத்த சோதனையில் நர்ஸ் புருவத்தை உயர்த்தினாள்.

"என்னம்மா, மாத்திரை போட மறந்துட்டீங்களா? இப்படி இறங்கியிருக்கு."

"மறக்கறதா? நான் டீச்சர்மா."

"அப்ப கீரை?"

"தொடவே இல்ல. இவர் பச்சை டீ போட்டுக் குடுக்கறாரு. அந்த இலையை உப்புப் போட்டு..."

"இலையைத் திங்கறீங்களா? சரியாப் போச்சு. தண்ணி குடிங்க, தினமும் ஒரே அளவா. சக்கையைக் குப்பையில போடுங்க. சத்தெல்லாம் சக்கையிலதான் இருக்கு."

டாக்டர், அளவு நிலைக்கும்வரை விமானம் ஏற வேண்டாம் என்றார். பயணம் தள்ளிப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் டீச்சர் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பெட்டியிலிருந்து உலகப்படத்தை எடுத்து, பழைய ஆணியிலேயே மாட்டினேன். வெளிறிய செவ்வகம் மறைந்தது. எனக்குள் என்னவோ ஒன்று தன் இடத்தில் வந்து பொருந்தியது.

இலையை நிறுத்தினோம். அளவு மெல்லச் சீரடைந்தது. படம் மறுபடியும் சுவரைவிட்டு இறங்கியது. அன்று நான் கடைக்குப் போய்ப் பச்சைப் பட்டாணி வாங்கி வந்தேன்.

பட்டாணி சூப் இயல்பாகவே பச்சையாக இருக்கும். மூன்று முறை ஊறிய இலையில் கசப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. மை போல அரைத்து, வெண்ணெயும் மிளகும் சேர்த்துவிட்டால் மீதியும் தெரியாது. ஒரு கெண்டி இலை போதவில்லை என்று பிறகு உணர்ந்தேன். அவள் குளிக்கப் போகும் நேரத்தில் கூடுதலாக ஒரு கெண்டி போட்டு, நீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, இலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். நன்றாக இறங்கிய தேநீரைக் கொட்டுவது எனக்கு உவப்பான செயல் அன்று. அதைச் செய்யும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

சோதனையில் அளவு இறங்கியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நான் இலையைக் கூட்டினேன். மறுபடியும் இறங்கியது, மறுபடியும் கூட்டினார். அவர் மீது எனக்கு மதிப்புக் குறையவில்லை. தம்மால் பார்க்க முடியாத ஒரு சுமையை அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து சரிக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு முறை அவர் டீச்சரிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க, மாத்திரையை ஒழுங்கா முழுங்கறீங்களா, இல்லையா?"

அவள் தலைகுனிந்தாள். வாழ்நாளில் மாணவர்களிடம் அந்தக் கேள்வியை எத்தனை விதமாகக் கேட்டிருப்பாள். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்டேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்குங்க. புத்தி தடுமாறுதோ என்னவோ."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீங்க இல்லன்னா நான் என்ன ஆவேன்?"

அவள் அழுதாள். நான் நீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஊற்றினேன். கோப்பையை நானே பிடித்துக் குடிக்க வைத்தேன். எங்கள் மணவாழ்வின் மிக இனிய காலம் எது என்று கேட்டால் அந்த வாரங்களையே சொல்வேன். ஒரு நாளும் அவள் என்னைத் திருத்தவில்லை.

இப்போது ஒரு தொழில்முறைச் செய்தியைச் சொல்ல வேண்டும். அதை அறிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும். கயிறு கட்டிய லிஃப்ட்டில் பெட்டி ஒரு பக்கம் தொங்கினால், மறுபக்கம் இரும்புப் பாளங்களாலான எதிர்ச்சுமை தொங்கும். காலிப் பெட்டியைவிட எதிர்ச்சுமையே கனமானது. ஆகவே பிரேக் விட்டுப்போனால் காலியான லிஃப்ட் கீழே விழும் என்று பொதுமக்கள் நினைப்பது பிழை. அது மேல்நோக்கிப் பாயும். போய்க் கூரையில் மோதும். சமமாகத் தொங்கும் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதற்கு என்ன ஆகும் என்பது எனக்கு ஏட்டில் படித்த பாடம் அன்று. அதன் நடுவில் நின்று பிழைத்தவன் நான்.

டாக்டர் கடைசியில் ஓர் அளவைக் கண்டுபிடித்துவிட்டார். என் இலை அத்தனையையும் தாங்கி, இரத்தத்தைச் சரியான நிலையில் நிறுத்தும் அளவு. மிகப் பெரிய அளவு. "இப்பத்தான் நின்னுருக்கு. இதையே தொடரட்டும். கிளம்புங்க, அங்க போய் டெஸ்ட் எடுத்துக்கலாம்" என்றார். அம்மாவை அழைத்துப் போக மகள் வந்து இறங்கினாள்.

வந்தவுடன் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அப்பா, போதும். நீங்க ஓடினது போதும். இனி ஊருக்குப் போற வரைக்கும் சமையல், மருந்து எல்லாம் நான்."

"எனக்கென்ன களைப்பு?"

"முகத்தைக் கண்ணாடியில பாருங்க. அம்மாவைவிட நீங்கதான் ஆபரேஷன் பண்ணின ஆள் மாதிரி இருக்கீங்க."

குளிர்பெட்டியைத் திறந்தாள். நான் வகுத்து வைத்திருந்த சூப் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது என்னப்பா, குளத்துப் பாசியா?"

"பட்டாணி சூப்."

"எந்தக் காலத்துப் பட்டாணி? அம்மா, இதையா தினமும் குடிக்கற?"

"உங்கப்பா அன்பா குடுக்கறாரு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்றாள் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொட்டுடி, கொட்டு. நாக்கே பச்சையாயிடுச்சு" என்றாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எல்லாம் தொட்டியில் போயிற்று. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மருந்தை மகளே எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் எழுதிய அளவு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதைத் தாங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் அன்றே சொல்லியிருக்க முடியும். மறுநாளும் சொல்லியிருக்க முடியும். சொல்ல வேண்டிய சொற்களை மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் சொன்னால் டீச்சர் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதும் கூடவே வந்து நின்றது. மரணத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாக என்னால் எண்ண முடியவில்லை. அந்தப் பார்வையை மட்டும் தெளிவாக எண்ண முடிந்தது. அவர்கள் பெட்டிகளைக் கட்டி வாசலருகே வைத்தார்கள். நான் மோட்டார் அறைக்குப் போய் மறுபடியும் ஃபியூஸைக் கழற்றிவிட்டு வந்தேன். கனமான பெட்டிகள். லிஃப்ட் ஓடாவிட்டால் பயணம் இன்னொரு முறை தள்ளிப்போகும், அதற்குள் ஏதாவது செய்துகொள்ளலாம் என்பது என் கணக்கு.

அந்தப் பிற்பகலை மறைக்காமல் சொல்கிறேன். மகள் தேநீர் போட்டாள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பா கையால குடிச்ச வாய்க்கு இது இறங்கலடி. ஏங்க, இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

நான் எழுந்தேன். மகளின் பக்கத்தில் நின்று, கோப்பை மாற்றி ஆற்றுவதைக் காட்டினேன். ஆவி சாய்வதைக் காட்டினேன். "இப்பவாப்பா?" என்றாள். "பொறு" என்றேன். "இப்ப?" "இன்னும் கொஞ்சம்." டீச்சர் பின்னாலிருந்து, "எங்கிட்ட அ, ஆ கத்துக்க உங்கப்பா இவ்வளவு நேரம் எடுத்துக்கல" என்றாள். இருவருக்கும் ஒரே திடமாக ஊற்றினேன். டீச்சர் கண்ணை மூடிக் குடித்தாள். நல்லா இருக்கு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அதைக் கேட்டுவிட்டுச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

மூன்றாம் முறையும் ஊற்றி முடிந்தது. மகள் கெண்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். இலை நன்றாக விரிந்து, பச்சைப் பசேலென்று இருந்தது.

"இந்த இலையை என்னப்பா பண்றது?"

"குப்பையில போடு. எனக்கு ஆகாது" என்றாள் டீச்சர்.

மகள் என்னைப் பார்த்தாள். நான்தானே ஆசிரியர், என் ஒப்புதலுக்குக் காத்திருந்தாள்.

"ஆமா, போட்டுடு" என்றேன்.

தாங்கள் தேடுகிற ஆயுதம் அதுதான், ஐயா. நர்ஸிடம் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பாள். அதைவிடச் சரியான ஆலோசனையை யாரும் கூற முடியாது. அதைச் சொன்ன கணத்தில், எதிர்ச்சுமையைக் கழற்றியபின் பெட்டி எந்தப் பக்கம் போகும் என்று அந்த அறையில் அறிந்தவன் நான் ஒருவனே.

பிறகு அடையாளங்கள் வந்தன. பல் துலக்கிய பின் அவள் துப்பிய நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. முழங்கைக்கு மேல் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கறை.

"எங்க இடிச்சுக்கிட்டேன்னே தெரியலைங்க. கதவுலயோ என்னவோ."

"கதவாத்தான் இருக்கும்" என்றேன்.

ஒரு நாள் முற்பகலில் தலை பாரமாக இருக்கிறது என்று படுத்தாள். பேச்சு குழறியது. மகள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

"அப்பா, லிஃப்ட் இல்லாம அம்மாவை எப்படி இறக்கறது? ஏதாவது பண்ணுங்கப்பா. உங்களாலதான் முடியும்."

மோட்டார் அறைக்கு ஏறினேன். ஃபியூஸ் என் சட்டைப்பையில் இருந்தது. பொருத்துவதற்கு ஒரு மூச்சு நேரம் போதும். பொருத்தினால் லிஃப்ட் இறங்கும். அவளை ஏற்றிக்கொண்டு போவார்கள். அங்கே இரத்தத்தைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், எல்லாம் தெரிந்துவிடும். பிழைத்தாலோ, அவள் மகளோடு போய்விடுவாள். இரண்டு பக்கமும் அவள் எனக்கு இல்லை. மோட்டாரின் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி உண்டு. அதன்மேல் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். கீழே தடதடவென்று ஆட்கள் படியேறும் சத்தம் கேட்டது. அதன் பிறகே ஃபியூஸைப் பொருத்தினேன். மோட்டார் உடனே உறுமியது. பராமரிப்பில் அதற்கு ஒரு குறையும் நான் வைத்ததில்லை.

இறங்கி வந்தபோது டீச்சரின் வாய் திறந்திருந்தது. சத்தம் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். நான் குனிந்து காதை வைத்தேன். சமையலறைக் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

லிஃப்ட்டில்தான் அவளைக் கொண்டுபோனார்கள். தரைத்தளத்தில் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த நேரத்திலயும் மனசைத் திடப்படுத்திக்கிட்டு லிஃப்ட்டைச் சரி பண்ணினீங்களே, உங்களை மாதிரி யாருங்க இருப்பா" என்று அழுதார்.

இரத்தம் அளவுக்கு மீறி இளகியிருந்தது, மாத்திரை மிகுந்திருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டார். அன்றிலிருந்து மகள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "மாத்திரை எடுத்துக் குடுத்தது நான்தான்பா." உண்பதில்லை. சமையலறைக்குள் போனால் பாத்திரங்களைத் தொடாமல் நின்றுவிட்டுத் திரும்புகிறாள். நான் அவள் தலையைத் தடவி, "நீ என்ன பண்ணுவ, கண்ணு" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அவள் என் மடியில் தலை வைத்து அழுதாள். சிறுமியாக இருந்தபோதும் அப்படி அவள் என்னிடம் வந்ததில்லை. எப்போதும் அம்மாவிடமே போவாள்.

இன்று காலை தங்கள் ஆட்கள் எங்கள் இருவரையும் அழைத்து வந்தார்கள். பக்கத்து அறையில் அவளிடமும் கேள்வி கேட்கிறார்கள் என்று அறிகிறேன். அது தேவையற்றது. அவள் கொடுத்தது டாக்டர் எழுதிய அளவு. அந்த அளவை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவன் நான்; அதன் எதிர்ச்சுமையைக் கழற்ற அனுமதித்தவனும் நான். டீச்சரைக் கொன்றவன் நான். இதை எந்த வற்புறுத்தலும் இன்றி, தெளிந்த அறிவோடு சொல்கிறேன். மகள் பழியில்லாமல், மன நிம்மதியோடு தன் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் கிடையாது.

நாளை விமானம் ஏறப்போவதாகச் சொன்னாள். உலகப்படத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டாள். பெட்டிகள் மேல்மாடியில் வாசலருகே கட்டியபடி இருக்கின்றன. அவள் பெட்டிகளோடு அம்மாவின் பெட்டிகளும். தனியொருத்தி படியில் இறக்க முடியாத கனம்.

பையில் உள்ளவற்றை மேசைமேல் வைக்கச் சொன்னீர்கள். இதோ, மூக்குக்கண்ணாடி. கைக்குட்டை. மோட்டார் அறைச் சாவி. இந்தப் பீங்கான் துண்டு என்னவென்று தங்களுக்குத் தெரிந்திருக்காது. ஃபியூஸ். இன்று காலை கிளம்பும் முன் கழற்றினேன். அவள் மிகவும் களைத்துப்போயிருக்கிறாள், ஐயா. அவளுக்கு ஓய்வு தேவை.